ஹம்சவேணி வைத்த பொத்தான்

ஒரு சாப்ட்வேருக்காக நூலகத்தில் ஐந்து பேர் அடித்துக்கொண்டோம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தச் சண்டையில் முதலில் குரலை உயர்த்தியவள் நான்தான். என் பெயர் முத்துமீனா. அழகர்கோவில் சாலையில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் ஆய்வேட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அன்று என்னிடம் திட்டு வாங்கியவள் ஹம்சவேணி. இது அவளைப் பற்றியது.

முதலில் அந்தச் சாப்ட்வேர் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். நூலகத்தின் இணையதளத்தை ஒரு மாணவர் முன்னால் திறந்து வைத்து, "இன்ன புத்தகத்தைக் கண்டுபிடிங்க" என்று சொல்ல வேண்டியது. அவர் மவுஸை எங்கெங்கே கொண்டுபோகிறார், எங்கே முழிக்கிறார், முகம் எப்படிப் போகிறது, என்ன முனகுகிறார் என்பதையெல்லாம் அது படமும் குரலுமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு நாங்கள் அதைப் போட்டுப் பார்த்து, இணையதளத்தில் எந்த இடம் ஆட்களைத் திணறடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நல்ல பொருள்தான். ஆனால் ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு லாகின்தான் வாங்கியிருந்தார்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால், முதல் ஆளை அது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

முதல் வாரமே என்னைத் தள்ளியது. கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஆய்வு மாணவரை உட்கார வைத்து, இருபது நிமிடம் பதிந்த பிறகு திரை வெளுத்துவிட்டது. பக்கத்து அறையில் ஹம்சவேணி அதே லாகினில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில், வாசிப்பறை என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். மறுநாள் காலையில் அவள் ஒரு தாளோடு வந்தாள். திங்கள் ஆய்வேடு, செவ்வாய் கவுண்டர், புதன் பருவ இதழ்கள், வியாழன் தமிழ்ப் பக்கம், வெள்ளி நூற்பட்டியல் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். யாராவது லீவு போட்டால் அந்த நாள் யாருக்கு என்பதுவரை அதில் இருந்தது.

கவுண்டரில் புத்தகம் கொடுத்து வாங்கும் நல்லகாமன் அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மண்டகப்படி லிஸ்ட்டா?" என்றார்.

அழகர் சாமி மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும்போது, வழியில் அவரவர் போட்டு வைத்த மண்டகப்படி ஒவ்வொன்றிலும் நின்று பூஜை வாங்கிக்கொண்டுதானே வருவார். அதைத்தான் சொன்னார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. காலையில் வந்ததும், "சாமி இன்னைக்கு யார் மண்டகப்படில இருக்காரு?" என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. எங்கள் நூலகர் தனிஸ்லாஸ் சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரே ஒரு சுற்றறிக்கையில் "மண்டகப்படி நாளை மாற்ற விரும்புவோர் முன்கூட்டியே தெரிவிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. ஹம்சவேணி எனக்குத் தோழியானதும் அப்போதுதான்.

அவள் வீடு மகால் பக்கம். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. அவளுடைய அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் ஒன்றில் புரூப் பார்த்தவர். பெண்ணும் பிழை கண்டால் சும்மா இருக்க மாட்டாள். கேண்டீன் பலகையில் சுண்டலுக்கு மூன்று சுழி ண போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். பேசுவதும் புத்தகத் தமிழில்தான். நாங்கள் கேலி செய்வோம். அதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு கட்டுரையைக் காட்டியபோது டீச்சர் வகுப்புக்கு நடுவே, "உங்க வீட்டுல பேசுறது வேற பாஷை, உனக்கு எப்படித் தமிழ் வரும்?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை அன்றைக்கு வைராக்கியம் பிடித்தது. தமிழிலேயே எம்.ஏ. முடித்து, அப்புறம் நூலக அறிவியலும் படித்தாள்.

எங்கள் நூலகத்துக்கு அவள் வந்தது ஒப்பந்த வேலைக்கு. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இணையதளத்துக்கு ஒரு தமிழ்ப் பக்கம் உருவாக்கி அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லையும் அகராதிகளைப் புரட்டி, நாள்கணக்கில் யோசித்து, அவளே தமிழாக்கினாள். பக்கம் திறந்த அன்று வீட்டிலிருந்து கேசரி செய்து கொண்டுவந்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, ஆனால் பக்கம் திறந்த அன்று இருந்ததைவிட அதிகச் சந்தோஷமாக அங்கேயும் இருந்திருக்க மாட்டாள்.

ஒரு வருஷம் ஆனது. தனிஸ்லாஸ் சார் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். வெளியே போயிருக்கிற புத்தகத்துக்கு முன்பதிவு செய்யும் வசதி இரண்டு பக்கத்திலும் உண்டு. ஆங்கிலப் பக்கம் வழியாக தினமும் பத்துப் பேராவது பதிவு செய்திருந்தார்கள். தமிழ்ப் பக்கம் வழியாக ஒரு வருஷத்தில் ஒருவர்கூட இல்லை. பூஜ்யம்.

"நூலகக் குழுவுல கேக்குறாங்கம்மா. யாரும் தொடாத பக்கத்துக்கு ஒரு ஆள் எதுக்குன்னு. அடுத்த கூட்டத்துல முடிவெடுத்துருவாங்க. அதுக்குள்ள காரணம் என்னன்னு கண்டுபிடிச்சா நல்லது" என்றார்.

பக்கம் போனால் அவள் வேலையும் போகும். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அதனால் வியாழக்கிழமைகளில் அவள் வெறியோடு இறங்கினாள். மாணவர்களைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு புத்தகத்தின் பெயரைக் கொடுத்து, "இது வெளியே போயிருக்கிறது. திரும்பி வந்ததும் உங்களுக்குக் கிடைக்கிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள்" என்பாள். முடிந்ததும், எப்படி இருக்கிறது என்று கேட்பாள். பத்துப் பேரும் "சூப்பரா இருக்கு மேடம்" என்றார்கள். அவள் நம்பினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு வெளியே வரும்போது, வாசலில் நிற்கிற பெண்ணின் அப்பாவிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்று எவனாவது சொல்வானா? பக்கத்தைச் செய்த மேடமே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்லும்? போதாததற்கு, யாராவது தடுமாறினால் இவளுக்கு மனசு கேட்காது. "அதோ, அந்தப் பொத்தானைப் பாருங்கள்" என்று கையையும் காட்டிவிடுவாள்.

இப்படியே நாலைந்து வியாழன் போனது. கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கடைசியாக பாண்டியம்மாள் என்ற பெண்ணை உட்கார வைத்தாள். சோழவந்தான் பக்கத்துப் பிள்ளை, முதுநிலை முதலாண்டு. துணைக்கு ஒரு தோழியும் வந்திருந்தாள். ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் தனிஸ்லாஸ் சார் ஏதோ கேட்டு அனுப்ப, ஹம்சவேணி எழுந்து போய்விட்டாள். திரும்பி வரும்போது மணி ஐந்து. வழக்கமான "சூப்பரா இருக்கு மேடம்" வந்தது. அன்றைய மண்டகப்படி முடிந்ததால், அவள் பதிவைப் பார்க்காமலேயே மூடிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் வெள்ளி. நூற்பட்டியல் ஆள் லீவு, எனவே சாமி எனக்கு வந்தார். ஒரே லாகின் என்பதால் எல்லோருடைய பதிவுகளும் ஒரே இடத்தில்தான் கிடக்கும். என்னுடைய பதிவு என்று நினைத்து நான் மேலே இருந்ததைத் திறந்தேன். பாண்டியம்மாளின் குரல் கேட்டது.

"ஏய், இங்க பாரு. புக்கு வெளிய போயிருக்காம். கீழ ஒதுக்கீடுன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கவா?"

"அமுக்காதடி. ஒதுக்கீடுன்னா கோட்டாவுல உள்ளது" என்றது தோழியின் குரல்.

"அமுக்கித்தான் பாப்பமே."

அமுக்கினாள். அடுத்த திரையில், 'ஒதுக்கீடு கோருபவரின் பிரிவு' என்று ஒரு கட்டம் வந்தது. இளநிலையா, முதுநிலையா, ஆய்வாளரா என்பதைத்தான் ஹம்சவேணி அப்படிக் கேட்டிருந்தாள்.

"பாத்தியா, பிரிவு கேக்குது. பி.சி.யா எம்.பி.சி.யான்னு போடணும்போல. அப்புறம் சர்டிபிகேட்ட ஸ்கேன் பண்ணிப் போடும்பாங்க. அது ஊர்லல்ல கெடக்கு" என்றாள் தோழி.

"ஒரு புக்குக்குமாடி?"

கொஞ்ச நேரம் மவுஸ் அசையவே இல்லை. பிறகு பாண்டியம்மாள் சொன்னாள்: "வேணாம்டி. சீட்டு வாங்குனதுக்கே, நீங்கல்லாம் ஒதுக்கீட்டுல வந்தவங்கதானன்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க. புக்குக்கும் கேக்கணுமா? யாராச்சும் திருப்பிக் குடுக்கட்டும், நான் நேராப் போயி எடுத்துக்கிறேன்."

கதவு திறக்கும் சத்தம். ஹம்சவேணியின் குரல். சூப்பரா இருக்கு மேடம்.

நல்லகாமன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். புத்தகத்துக்கு ஜாதிச் சான்றிதழ் கேட்கும் நூலகம் என்று அண்ணன் வேறு ஏற்றிவிட்டார். கடைசி வரியை இரண்டாம் முறை கேட்டபோது அவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது, எனக்கும்தான். ஒரு வருஷமாக எத்தனை பிள்ளைகள் இந்தப் பொத்தான் முன்னால் கையை இழுத்துக்கொண்டிருக்கும்?

ஹம்சவேணியிடம் காட்டியபோது அவள் கடைசி வரியைத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"தமிழ் தப்பாக்கா?" என்றாள்.

"தமிழு சரிதான். அகராதியில ரிசர்வேஷனுக்கு அதான் இருக்கு."

"அகராதியில் சரி. காதில் தப்பு. வீட்டிலேயே தமிழ் பேசுகிறவர்களுக்கு இது உடனே தெரிந்திருக்கும் இல்லையா?"

ஏழாம் வகுப்பு டீச்சர் கதையை அப்போதுதான் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். எனக்கு அந்த டீச்சர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

"அடிப் போடி. நான் பொறந்ததுலருந்து தமிழ்தான் பேசுறேன். ஒரு வருசமா அந்தப் பக்கத்தப் பாக்குறேன், எனக்குத் தெரிஞ்சுதா? நல்லகாமன் அண்ணனுக்குத் தெரிஞ்சுதா? தனிஸ்லாஸ் சாருக்குத் தெரிஞ்சுதா?" என்றேன். அது உண்மை. வேலை கிடைத்து, நிரந்தரமாகி, கே.கே. நகரில் வீடும் கட்டிய பிறகு அந்தச் சொல் எங்கள் காதில் குத்தாமல் போய்விட்டது போல.

பிறகு, என் புத்திக்கு எட்டிய யோசனையைச் சொன்னேன். சத்தமில்லாமல் சொல்லை மாற்றிவிடு, பதிவை அழித்துவிடு, யாருக்கும் தெரிய வேண்டாம். லாகின் நம் எல்லோருக்கும் பொது, யார் அழித்தார் என்று யார் கண்டார்கள்?

"அழித்தால் அந்தப் பூஜ்யத்துக்கு என்ன காரணம் சொல்வது? தமிழே யாருக்கும் வேண்டாம் என்றுதானே எழுதுவார்கள்?" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாண்டியம்மாளைத் தேடிப் போனாள்.

பதிவைக் குழுவில் காட்டச் சம்மதம் கேட்டபோது அந்தப் பெண் பயந்துவிட்டது.

"நாங்க எதும் தப்பாப் பேசிட்டமா மேடம்?"

"தப்பு என்னுடையது. நீ பேசியதால்தான் தெரிந்தது. முகம் தெரியாமல், குரலை மட்டும் போடுகிறேன். சரியா?"

சரி என்றது. ஹம்சவேணி அதோடு விடவில்லை. அந்த வசதிக்கு என்ன பெயர் வைத்தால் புரியும் என்று அவளிடமே கேட்டாள். புத்தகம் வெளியே இருக்கிறது, வந்தால் எனக்குத்தான் என்று முன்கூட்டியே தெரிவித்து வைப்பது என்று விளக்கினாள்.

"அட, சொல்லி வைக்கிறதா மேடம்? எங்கப்பா வெத்தலக் கொடிக்கா வச்சிருக்காரு. கல்யாண வீட்டுக்காரங்க எல்லாம் மொதல்லயே வந்து சொல்லி வச்சிட்டுப் போயிருவாங்க. அந்த வெத்தலக் கவுளிய எங்கப்பா வேற யாருக்கும் குடுக்க மாட்டாரு."

நான் கூடவே நின்றிருந்தேன். ஹம்சவேணியின் முகம் மாறியதைப் பார்த்தேன். நல்லகாமன் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். கவுண்டரில் பிள்ளைகள் இருபது வருஷமாக அவரிடம் "அண்ணே, அந்தப் புக்குக்குச் சொல்லி வைக்கிறேண்ணே" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குழுக் கூட்டத்தில் அவள் மூன்று நிமிடப் பதிவைப் போட்டாள். குறிப்பு எழுதுவதற்காக நானும் உள்ளே இருந்தேன். முதலில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பதிவு முடிந்ததும் ஒரு பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"யாரு மொழிபெயர்த்தது இத?"

"நான்தான் சார்."

"இதுக்குத்தான் சொல்றேன், இங்கிலீஷ் ஒண்ணு போதும்னு."

"போதும் என்றால் அந்தப் பிள்ளை ஆங்கிலப் பக்கத்துக்குப் போய்ப் பதிந்திருக்குமே சார்" என்றாள் ஹம்சவேணி.

தனிஸ்லாஸ் சார் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "மாத்திட்டு வாங்கம்மா. அடுத்த வியாழன் அஞ்சு பிள்ளைங்கள உட்கார வைப்போம். நீங்க உள்ள இருக்கக் கூடாது. பதிவ நானே பாக்குறேன். பக்கத்தப் பத்தியும் உங்க வேலையப் பத்தியும் அப்புறம் முடிவு" என்றார்.

அந்த ஒரு வாரமும் நாங்கள் யாரும் எங்கள் முறையைக் கேட்கவில்லை. என் திங்கட்கிழமையை நான் கொடுத்தேன். "சாமி வாரம் பூராம் ஒன் மண்டகப்படிலயே இருக்கட்டும்மா" என்று நல்லகாமன் அண்ணன் செவ்வாயைக் கொடுத்தார். பொத்தானில் 'புத்தகத்துக்குச் சொல்லி வைக்க' என்று வந்தது. பிரிவு கேட்ட இடத்தில் 'என்ன படிக்கிறீர்கள்?' என்று வந்தது. அதோடு நிறுத்தினாளா? 'இருப்பு', 'உறுப்பினர் நிலை' என்று அவள் ஆசை ஆசையாக வைத்திருந்த பத்துப் பதினைந்து சொற்களை கவுண்டரில் நின்று, பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மாற்றினாள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அவளுக்கு வலித்தது என்பது எனக்குத் தெரியும்.

வியாழன் மத்தியானம் ஐந்து பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அந்த அறையில் தனியாக உட்கார்ந்து எழுந்து போனார்கள். நாங்கள் ஆய்வேட்டு அறையில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் கூடினோம். தனிஸ்லாஸ் சார் வந்தார். கையில் ஹம்சவேணியின் பணி நீட்டிப்புக் கோப்பு இருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "போடுங்க" என்றார்.

முதல் பையன் பாஸ்வேர்டு மறந்துபோய் லாகினிலேயே நின்றான். சார் நெற்றியைச் சுருக்கினார். ஹம்சவேணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. இரண்டாவது ஆள் தேடினான், கண்டான், சொல்லி வைத்துவிட்டுப் போனான். மூன்றாவது பெண் கொஞ்சம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தாள். நான்காவது ஆளுக்குச் சிரமமே இல்லை. யாரும் 'சூப்பர்' என்று சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.

ஐந்தாவதாகத் தமிழ்ச்செல்வி என்ற பெண். இளநிலை முதலாண்டு, கம்ப்யூட்டருக்குப் புதுசு போல, ஒற்றை விரலால் தட்டினாள். புத்தகத்தைக் கண்டுபிடித்தாள். 'வெளியே உள்ளது' என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். மவுஸ் மெல்லக் கீழே இறங்கியது. பொத்தானை வாய்விட்டு வாசித்தாள். அமுக்கினாள். என்ன படிக்கிறீர்கள் என்றதற்கு பி.ஏ. என்று போட்டாள். 'சொல்லி வைத்தாயிற்று. புத்தகம் வந்ததும் உங்களுக்குச் செய்தி வரும்' என்று திரையில் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். இன்னும் ஏதாவது கேட்பார்களோ என்று காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. காலி அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்புட்டுதானா?" என்றாள்.

ஹம்சவேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்மேல் வழிந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, எப்போதோ எழுந்து வகுப்புக்குப் போய்விட்ட அந்தப் பெண்ணுக்கு, திரையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"அம்புட்டுதாம்மா. அம்புட்டுதான்."

தனிஸ்லாஸ் சார் கோப்பைத் திறந்து, என்னிடம் பேனா கேட்டார்.